கடுக்காய் தடுத்தது எந்த நொதியை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடுக்காய்ச் சாறு நுரையீரலை அரிக்கும் வெள்ளை அணு நொதியைத் தடுப்பதாகச் சென்ற வாரம் நம் நாளிதழில் வந்த செய்தியைப் பற்றி எழுதுகிறேன். ஒரு கல்லூரி உயிர்வேதியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். செய்தி வந்த அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பெண் பேப்பரோடு வந்துவிட்டாள். அவள் கணவருக்குக் காசநோய் குணமாகிப் பல வருடம் ஆகிறது. ஆனால் மூச்சுக்குழாய் விரிந்துபோய் சளி கட்டிக்கொண்டே இருக்கிறது. "அக்கா, இன்ஹேலரை நிறுத்திட்டு இதையே குடுக்கலாமா?" என்றாள். கடுக்காய்ப் பொடி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது!

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் இந்த இருமல் புதிதல்ல. பக்கத்திலுள்ள சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நின்றது. இருமல் நிற்கவில்லை. அதனால்தான் இப்படி ஒரு செய்தி இங்கே வேகமாகப் பரவுகிறது.

செய்தியில் சொன்ன நொதி எலாஸ்டேஸ். கிருமியைக் கொல்ல நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு வைத்திருக்கும் ஆயுதம் அது. அளவு மீறி வெளியே கொட்டினால் நுரையீரலையே தின்னும். அதை அடக்க ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தை நம் கல்லீரலே செய்து அனுப்புகிறது. சிகரெட் புகை அந்தப் புரதத்தைச் செயலிழக்க வைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் பீடியை விடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இனி சோதனைக்கு வருவோம். 96 குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டில் நொதியையும், அது வெட்டினால் மஞ்சள் நிறம் விடும் ஒரு பொருளையும் ஊற்றுவோம். மஞ்சள் குறைந்தால் நொதி தடைபட்டது என்று கணக்கு. ஆனால் கடுக்காய்ச் சாறே பழுப்பு மஞ்சள். நொதி சேர்க்காமல் சாறு மட்டும் ஊற்றிய குழியையும் அளந்து கழிக்காவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. அப்புறம், கடுக்காயில் துவர்ப்புக்குக் காரணமான டானின் ஏராளம். அது எந்தப் புரதம் கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு மாணவரின் தட்டில் நானே பார்த்தேன்: எலாஸ்டேஸ் நின்றது, சரி, சந்தேகத்துக்குப் பக்கத்து வரிசையில் டிரிப்சின் என்ற வேறொரு நொதியைப் போட்டோம், அதுவும் நின்றது. இரண்டையும் ஒன்றாக நிறுத்துவதைக் குறிபார்த்துத் தடுக்கும் மருந்தென்று சொல்ல முடியாது.

இன்னொன்று. இந்தச் சோதனைக்குப் பல இடங்களில் வாங்குவது பன்றிக் கணையத்தில் எடுத்த எலாஸ்டேஸ். விலை குறைவு. மனித வெள்ளை அணுவின் எலாஸ்டேஸ் வேறு நொதி. உங்கள் செய்தியில் எது என்று இல்லை. அளவும் இல்லை. இம்மாதிரி சோதனைகளில் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் சாறு சேர்ப்பதும் உண்டு. உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். அதே அடர்த்தி வர 5 கிராம் சாறு முழுசாக ரத்தத்தில் கலந்து நிற்க வேண்டும். அரை ஸ்பூன் பொடியை வெந்நீரில் குடித்தால் வருமா?

கடுக்காயைக் குறை சொல்ல வரவில்லை, என் வீட்டிலும் இருக்கிறது. தட்டில் ஜெயிப்பதற்கும் மருந்தாவதற்கும் நடுவே நிறைய வேலை இருக்கிறது. எலாஸ்டேஸைத் தடுக்கும் சிவெலெஸ்டாட் என்ற மருந்துக்கு 2002-ல் ஜப்பான் அனுமதி தந்தது. ஜப்பானுக்கு வெளியே நடந்த பெரிய பரிசோதனையில் பலன் தெரியவில்லை. நாளடைவில் இறப்பு கூடுவதுபோல் தெரிந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். வெள்ளை அணு உருவாகும் எலும்பு மஜ்ஜையிலேயே இந்த நொதி விழித்துக்கொள்ளாமல் தடுக்கும் பிரென்சோகாடிப் என்ற மருந்து, மூச்சுக்குழாய் விரிவு நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2025-ல்தான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், டாக்டரைக் கேட்காமல் இன்ஹேலரில் கை வைக்காதே என்று சொல்லி அனுப்பினேன். உங்களிடம் கேட்பது இதுதான்: அந்த ஆய்வாளர்களிடம் எந்த எலாஸ்டேஸ், எவ்வளவு சாறு, டிரிப்சினோடு ஒப்பிட்டார்களா என்று விசாரித்து, முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் பதிலைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
தண்டையார்பேட்டை, சென்னை.