ஜெர்மன் வீடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஜெர்மன் அரசு 2011-இல் தொடங்கிய கூட்டாட்சித் தன்னார்வப் பணித் திட்டத்தில், தமிழ்நாட்டுப் பிள்ளைகளையும் ஓராண்டுப் பணிக்கு அனுப்புகிறீர்கள். விசா, காப்பீடு, ஆண்டுக்கு 25 நாள் பயிலரங்கு என்று எல்லாவற்றுக்கும் உங்களிடம் படிவம் உண்டு. தங்கப்போகும் வீட்டைப் பற்றி மட்டும் "நல்ல குடும்பம், பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறீர்கள். பெரும்பாலும் நல்ல குடும்பங்கள்தான். ஆனால் முதல் இரண்டு மாதக் கசப்பெல்லாம் ஈரத் துண்டிலும் சாவியிலும் தபால்பெட்டியிலும்தான் தொடங்குகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். விமானச் சீட்டு எடுக்கும் முன்பே, இரண்டு பக்கத்தில் ஒரு வீட்டு ஒப்பந்தம் எழுதுங்கள். குடும்பமும் தன்னார்வலரும் வீடியோ அழைப்பில் அதைச் சேர்ந்து வாசித்துக் கையெழுத்திடட்டும். அதில் விட்டுப்போகக் கூடாதவற்றைச் சொல்கிறோம்.

முதலில் காகிதங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிவுக்கு வாடகை ஒப்பந்த நகல் போதாது. வீடு கொடுப்பவர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்ற படிவம் தேவை. குடும்பமே வாடகைக்கு இருந்தால், இன்னொருவர் வந்து தங்குவது வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரிய நகரங்களில் பதிவு அலுவலக நேரம் எளிதில் கிடைக்காது. ஆள் ஊரில் இருக்கும்போதே இணையத்தில் பிடித்து வையுங்கள். வந்த அன்றே தபால்பெட்டியில் தன்னார்வலரின் பெயரை ஒட்டச் சொல்லுங்கள். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வரி அடையாள எண்ணும், வங்கி அட்டையும், தனி உறையில் வரும் அதன் ரகசிய எண்ணும் தபாலில்தான் வருகின்றன. பிள்ளை பதறிப்போய், கைச்செலவுப் பணம் வரவில்லை என்று உங்களுக்குப் போன் செய்வது இதனால்தான்.

பதிவு முடிந்த சில வாரத்தில் பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒரு கட்டணம். குடும்பம் ஏற்கெனவே கட்டுகிறது என்றால், அவர்களுடைய கட்டண எண்ணைப் பதிலில் குறிப்பிட்டால் போதும். அந்தக் கடிதத்தைப் பயத்தில் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

அடுத்தது குளியலறை. பெரும்பாலான ஜெர்மன் வீட்டுக் குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. வாளியும் குவளையுமாகக் குளித்தால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் கறையாக இறங்கும். ஷவர் தடுப்புக்குள் நின்றே குளிக்க வேண்டும். முடிந்ததும் கண்ணாடியை ரப்பர் துடைப்பானால் வழிக்க வேண்டும், இல்லையேல் சுண்ணாம்பு படியும். வடிகாலில் சிக்கும் முடியை எடுப்பது, கழிப்பறைத் தூரிகையைப் பயன்படுத்துவது, ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது ஆகியவற்றைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் யாரும் சொல்வதில்லை. பிறகு குளியலறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது, அது அதைவிடக் கூச்சம். கழுவுவதற்குத் தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொள்வதை யாரும் தடுக்க மாட்டார்கள். ஈரம் தரையில் நிற்காதவரை.

குளிர்காலத்தில் பெரிய சண்டை ஜன்னலில் வரும். இறுக்கமாக மூடும் ஜன்னல்கள் என்பதால் மூச்சும் குளியலும் உலரும் துணியும் தரும் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். தன்னார்வலர்கள் குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை, அல்லது நாள் முழுக்க மேல்பக்கம் சாய்த்து வைக்கிறார்கள். இரண்டும் தவறு. சாய்த்த ஜன்னலைச் சுற்றிச் சுவர் குளிர்ந்துபோவதால் பூஞ்சை அங்கேயே தொடங்கும். சரியான முறை: சூடேற்றியை அணைத்துவிட்டு, ஜன்னலை முழுதாக ஐந்து நிமிடம் திறந்து மூட வேண்டும், ஒரு நாளில் மூன்று நான்கு முறை. அணைக்காவிட்டால் அதன் திருகு குளிர்காற்றை உணர்ந்து முழுவேகத்தில் சூடேற்றத் தொடங்கும். திருகில் 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது, அதிகமாகத்தான் சூடாகும். இந்தப் பகுதியைப் படிக்கச் சொன்னால் போதாது. குடும்பம் முதல் வாரத்திலேயே செய்து காட்டட்டும்.

சமையலறைக்கு வருவோம். கண்ணாடி அடுப்பின் மேல் வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை இழுத்தால் கீறல் விழும், அந்தத் தட்டை மாற்றுவது செலவான வேலை. இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும். அலுமினிய இட்லிப் பாத்திரம் வேலை செய்யாது, வட்ட அடியுள்ள வாணலி எந்தக் கண்ணாடி அடுப்பிலும் உருண்டுகொண்டிருக்கும். என்ன அடுப்பு என்று கேட்டுவிட்டுப் பெட்டி கட்டச் சொல்லுங்கள். கடுகு வெடிக்கும் புகை, தாழ்வாரத்தில் சட்டப்படி மாட்டியிருக்கும் புகை எச்சரிப்பை அலற வைக்கும். தாளிக்கும்போது சமையலறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்து, புகைபோக்கியையும் போட வேண்டும். பல வீட்டுப் புகைபோக்கிகள் காற்றை வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடுபவை என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. மஞ்சள் சிந்தினால் உடனே துடைக்காவிட்டால் வெள்ளை மேடையில் நிரந்தரம்.

இரவுச் சாப்பாடு பல வீடுகளில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான், அடுப்பே பற்றாது. சூடான உணவு மதியம். மூன்றாவது வாரத்தில் பிள்ளை பசியோடு படுக்கும், குடும்பமோ சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைக்கும். வாரத்தில் எந்த இரண்டு மாலை தன்னார்வலர் சமைப்பார், பொருளுக்கு யார் பணம் தருவது, சிறிய குக்கரை எங்கே வைப்பது என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள். சைவம் என்றால் என்னென்ன ஆகாது என்பதையும் எழுதுங்கள். மிட்டாயில் ஜெலட்டின், சூப்பில் மாட்டெலும்புச் சாறு, சில பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பை நொதி இருக்கும். தட்டில் இன்னும் போடவா என்று ஒருமுறைதான் கேட்பார்கள். மரியாதைக்கு வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது, மூன்று முறை கெஞ்ச மாட்டார்கள்.

அம்மாக்களுக்கும் ஒரு குறிப்பு கொடுத்துவிடுங்கள். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப்பெட்டியில் அனுமதி இல்லை; பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். சுங்கத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

சாவியைப் பற்றிச் சுருக்கமாக: அடுக்ககங்களில் ஒரே சாவித் தொகுதி கட்டடம் முழுக்க இருக்கும். ஒன்று தொலைந்தால் எல்லாப் பூட்டுகளையும் மாற்றும் செலவு ஆயிரக்கணக்கான யூரோவாகலாம். பிறருக்கு நேரும் சேதத்தை ஈடுகட்ட நீங்கள் எடுத்துத் தரும் பொறுப்புக் காப்பீடு சாவித் தொலைவையும் ஏற்குமா என்று பாருங்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், வெளியே கைப்பிடி திரும்பாது. குப்பை போடப் போகும்போதும் சாவி கையில் இருக்க வேண்டும். தொலைபேசிக்கும் நேரம் குறியுங்கள். ஊரில் காலை எட்டு மணிக்கு உறவினர் அழைத்தால் அங்கே கோடையில் அதிகாலை 4:30, குளிர்காலத்தில் 3:30. சுவர்கள் மெல்லியவை.

குழந்தை பார்த்துக்கொள்வதில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். தன்னார்வலர் பணிசெய்வது விசாவில் குறித்த நிறுவனத்தில். வீட்டுக் குழந்தைகளைக் கவனிப்பதற்கென்று வருபவர்களுக்கு வேறு விசாவும் வேறு விதிகளும் இருக்கின்றன. தன் பாத்திரம், தன் அறை, முறைவைத்துக் குப்பை என்பது வீட்டாளாக இருப்பதன் பங்கு. வாரம் மூன்று மாலை குழந்தைகளோடு இருக்கச் சொல்வது சம்பளமில்லாத வேலை. பிள்ளைகள் நன்றியுணர்வில் மறுக்க மாட்டார்கள் என்று உங்களுக்கும் தெரியும். எல்லை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால், மறுக்கும் பாரம் அவர்கள்மேல் விழாது.

கடைசியாக, வீடு மாறும் வழி. குடும்பத்தையோ பணியிட மேலாளரையோ சேராத ஒருவரைத் துணையாக நியமித்து, மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம் என்று அவரே அழைக்கட்டும்; பிரச்சினை வந்தால் பிள்ளை அழைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். வடக்கே டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், அந்த மாதத்தில் கூடுதலாக ஒருமுறை. இரு தரப்பும் காரணம் சொல்லாமலே இரண்டு வார அறிவிப்பில் விலகலாம் என்ற வரியும், தற்காலிகமாகத் தங்க ஒரு மாற்றுக் குடும்பத்தின் முகவரியும் முதல் நாளே தன்னார்வலர் கையில் இருக்கட்டும். மாற்றுக் குடும்பம் கிடைக்காத ஊருக்கு, கிடைக்கும்வரை ஆள் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஜெர்மனியில் தன்னார்வலர்களுக்குத் துணைநிற்கும் தமிழர்கள் சிலர்