கூகுள் அனுப்பும் கடிதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

"இளசுகள் போனைத் தூக்கிக்கொண்டு திரிந்தே கெட்டுப்போகுதுகள்" என்று போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதிக்கு எனக்கும் சம்மதம். மற்றப் பாதிக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் 30 வருடத்துக்கு மேல் சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்வுபெற்றவன். கடைசிக் காலத்தில் என் பையில் கையால் எழுதின கடிதத்தைக் காண்பதே அரிது. வங்கி அறிவித்தல், நீதிமன்ற அழைப்பாணை, இவைதான். நடுவே எப்போதாவது கூகுளில் இருந்து ஒரு மெல்லிய கடிதம் வரும். யூடியூப்பில் வீடியோ போடும் பிள்ளைக்கு விளம்பரக் காசு 10 டொலர் சேர்ந்ததும், முகவரி உண்மைதானா என்று பார்க்க 6 இலக்கம் அச்சிட்டு அனுப்புவார்கள். அதைக் கணக்கில் பதிந்தால்தான் 100 டொலர் சேரும்போது காசு கைக்கு வரும். 4 மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரத்தை நிற்பாட்டிவிடுவார்கள். ஆக, ஊரில் எந்தப் பிள்ளை அந்தப் பத்து டொலரைத் தொட்டது என்பது தாய் தகப்பனுக்கு முன்னமே எனக்குத் தெரியும்.

ஒரு வீட்டில் தாய் அதை வாங்கி, கடன் நோட்டீஸாக்கும் என்று பயந்து பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். பெடியனோ இரண்டு மாதமாகப் படலையில் நின்று "ஐயா, எனக்கு ஏதும் வந்ததோ?" என்று கேட்டபடி. "எப்பவோ தந்தாச்சே தம்பி" என்றேன். அவன் உள்ளே ஓடின ஓட்டத்தை ஓட்டப்போட்டியில் ஓடியிருந்தால் கிண்ணம் வாங்கியிருப்பான்.

அடுத்த ஒழுங்கையில் ஒரு பெண்பிள்ளை. தன் ஆச்சி சமைப்பதை ஒரு நிமிடத்துக்குள் காட்டுவாள். ஒன்றரை வருடமாக அவளுக்கோ கூகுள் கடிதம் எதுவும் வரவில்லை. ஷோர்ட்ஸ் என்கிற இந்தக் குட்டி வீடியோக்களை மட்டும் நம்பி விளம்பரப் பங்கு வாங்குவதென்றால் சும்மாவா? சனலில் 1,000 பேர் சந்தாதாரராகச் சேர வேண்டும், அதோடு 90 நாளில் ஒரு கோடி தடவை பார்க்கப்பட வேண்டும். அதற்குப் பிறகும் அவள் பேருக்கு ஒதுங்கும் தொகையில் 45 வீதம்தான் அவளுக்கு. வீட்டுச் சுவரில் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டு, வீடியோ போட்ட நாளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். விடுபட்ட நாட்கள் கொஞ்சம்தான்.

போன ஆவணியில் அவள் படம் பிடிப்பதைப் பார்த்தேன். ஆச்சி குந்தில் இருந்து பனங்காயை உரித்து, நாரில் இருந்து களியைப் பிசைந்துகொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் மஞ்சள். முந்தி இவள் "வணக்கம் உறவுகளே" என்று தொடங்கி, தன் பேர், ஊர் எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பார்க்கிறவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களாம். இப்போது வணக்கமும் இல்லை, பாட்டும் இல்லை. எடுத்த எடுப்பில் ஆச்சியின் கை, களி பிதுங்கும் சத்தம். பணியாரம் எண்ணெயில் விழுகிற இடத்தை நாலு தரம் எடுத்தாள். ஆச்சிக்குக் கோபம் வந்து "உனக்கு விசரே?" என்று ஏசினதையும் வெட்டாமல் விட்டாள். அந்த ஏச்சைக் கேட்கத்தான் கனடாக்காரர் திரும்பத் திரும்பப் பார்த்தார்களாம். விடிய ஆறு மணிக்குப் போடுவாள். டொரொன்டோவில் அப்போது முதல் நாள் இரவு எட்டரை, வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டுப் போனோடு இருக்கும் நேரம். இதையா கெட்டுப்போவது என்கிறார் அந்த வாசகர்?

ஆனால் அவர் கோபப்பட வேண்டிய இன்னொரு ரகம் இருக்கிறது. என் தடத்தில் ஒரு அம்மா, தனிக்கட்டை. அவருடைய மாதாந்த உதவிப்பணத்தைப் பற்றி அடுத்த வீட்டுக்குக்கூட நான் வாய் திறந்ததில்லை. எங்கள் வேலையில் அது எழுதாத சட்டம். போன வருடம் ஒரு தம்பி வெளிநாட்டுக் காசில் வாங்கின அரிசி மூட்டையோடு அவர் வீட்டுக்குப் போய், புருஷன் எப்படிச் செத்தார் என்று கேட்டு, அவர் அழும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அழுத முகத்தைத்தான் முன்படமாகப் போட்டிருக்கிறார். பணியார வீடியோவை விட நாலு மடங்கு பேர் பார்த்திருக்கிறார்கள்.

அம்மா சந்தைக்குப் போவதை விட்டுவிட்டார். "அரிசி முடிஞ்சுது, அது இன்னும் ஓடுதாம்" என்றார் என்னிடம். நானும் என் பேத்தியும் யூடியூப்புக்கு முறைப்பாடு அனுப்பினோம். இன்றுவரை எடுபடவில்லை.

அந்தத் தம்பி இந்தப் பத்திரிகையை வாசிப்பாரோ தெரியாது. அவருடைய கூகுள் கடிதத்தையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தால், அந்த ஒரு வீடியோவை மட்டுமாவது அழித்துவிடச் சொல்லிக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரன்,
உரும்பிராய்.