கருங்கரடிக்குப் பின்னேரம்தான்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வருகிற மே மாதம் பிரின்ஸ் ஜோர்ஜ் பக்கம் வருகிறாய் என்று வாசித்ததும் பெரிய சந்தோஷம். ஒன்ராறியோவில் இருந்து வருகிற ஒருவர் இங்கே, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், தன்பாட்டில் கரடி வேட்டைக்குப் போக முடியாது. உன்னைக் கூட்டிப் போகும் அனுமதிக்கு நான்தான் விண்ணப்பிக்க வேண்டும். உன் லைசென்ஸ் விபரங்களை நேரத்தோடு அனுப்பிவிடு.

கருங்கரடி வேட்டைக்கு நல்லது விடியவா பின்னேரமா என்று கேட்டிருந்தாய். பின்னேரம்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் அது உனக்குப் பயன்படும்.

நீ அங்கே பழகியது இரை போட்டுவிட்டு மரத்தில் பரண் கட்டிக் காத்திருக்கிற வேட்டை. இங்கே கரடிக்கு இரை வைப்பது சட்டவிரோதம். கரடி மேய வருகிற இடத்தைத் தூரத்தில் இருந்து பைனாகுலரால் தேடிப் பிடித்து, காற்றைப் பார்த்துக் கிட்டப் போக வேண்டும். வசந்தத்தில் அதன் சாப்பாடு பெரும்பாலும் புல்தான். ஏப்ரலில் குகையை விட்டு முதலில் ஆண் கரடிகள் வரும், குட்டியோடு இருக்கிற தாய் கடைசியாக வரும். வந்த புதிதில் பசி பெரிதாக இராது. பிறகு பழைய மரம்வெட்டும் றோட்டோரங்களில் முளைக்கிற குளோவர், டன்டிலையன் போன்ற பூண்டுகள், இளம் புல் என்று நாள் முழுக்க மேயத் தொடங்கும். தெற்குப் பார்த்த சரிவில் பனி முதலில் கரைந்து பச்சை முதலில் வரும். தேடலை அங்கே தொடங்கு.

மானைப் போலக் கரடி விடியலுக்கு அவசரப்படுவதில்லை. ஏப்ரல் காலையில் புல்லில் உறைபனி கிடக்கும். வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான் அது வெளியே வரும். ஏப்ரல் கடைசியில் பின்னேரம் இரண்டு மணியில் இருந்தே பார்க்கலாம். மே நடுப்பகுதியில் வெயில் கடுமையாகிவிடும். அந்தக் கறுத்த உரோமத்தோடு அது வெயிலில் நிற்காது, மத்தியானம் காட்டு நிழலில் படுத்துக் கிடக்கும். அப்போது ஐந்து மணிக்குப் பிறகு, மரநிழல் றோட்டுக்குக் குறுக்கே நீளும்போது வரத் தொடங்கும். மழை பெய்து விட்ட நாளில் மட்டும் மணிக்கூட்டைப் பார்க்காதே. மழை நின்று வெயில் எட்டிப் பார்த்தால் மத்தியானத்திலும் வெளியே நிற்கும். ஜூனில் இணைசேரும் காலம் என்பதால் பெரிய ஆண் கரடி பெண்ணைத் தேடி எந்த நேரத்திலும் நடக்கும். ஆனால் அதற்குள் பல கரடிகள் உரோமத்தைத் தேய்த்து உதிர்த்துவிடும், தோல் வேண்டுமென்றால் மே மாதமே நல்லது.

காலை முழுக்க நித்திரை கொள்ளலாம் என்று நினைக்காதே. காலையில் நடந்து அடையாளம் பார்க்க வேண்டும். குளோவர்த் தண்டு கடிபட்ட இடத்தை விரலால் தொட்டுப் பார். சாறு ஈரமாக ஒட்டினால் கரடி போய் அதிக நேரமாகவில்லை. நுனி காய்ந்து மண்ணிறமாகிவிட்டால் அது பழைய மேய்ச்சல். கழிவும் அப்படித்தான். வெளியே கறுத்து, குச்சியால் பிளந்தால் உள்ளே பச்சையாக இருப்பது பழையது. புதியது முழுக்கப் பச்சையாக, பளபளவென்று ஈரமாக இருக்கும். ஒரே இருநூறு மீற்றருக்குள் புதியதும் பழையதும் கலந்து கிடந்தால் கரடி அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. பின்னேரம் அங்கே போ.

இனிக் காற்று. இதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். வெயில் அடிக்கிற பகலில் சரிவுக் காற்று மேலே ஏறும், பொழுது சாயும்போது குளிர்ந்து கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவில், சரிவில் நிழல் விழுகிற அரை மணி நேரம் போல, காற்று சுழன்று சுழன்று அடிக்கும். நல்ல மேய்ச்சல் நேரமும் அதேதான். நான்கு மணிக்குச் சரிவின் உச்சியில் இருந்து இறங்கத் தொடங்கியவனின் வாசனை ஏழு மணிக்கு நேரே கரடியின் மூக்குக்குப் போய்விடும். அதனால் பள்ளத்தின் எதிர்ச் சரிவில் இருந்து பார். காற்று கீழ்நோக்கி நிலைத்த பிறகு பக்கவாட்டாகவோ கீழே இருந்தோ கிட்டப் போ. சின்னப் போத்தலில் முகப்பவுடர் கொண்டு வா. ஐம்பது அடிக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை ஊதி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார். கரடிக்குக் கண்ணும் காதும் மோசமில்லை, ஆனால் உன்னைக் காட்டிக்கொடுப்பது மூக்குத்தான்.

இப்போது நான் கட்டாயம் சொல்ல வேண்டியது. மே 20 அளவில் இங்கே சூரியன் மறைய 9:15 ஆகும். சூரியன் மறைந்த பிறகும் வேட்டைக்கு ஒரு மணி நேரம் இங்கே சட்டம் தருகிறது, ஒன்ராறியோவில் போல அரை மணி நேரம் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை நீ எடுக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். எட்டரைக்குப் பிறகு புதிதாக ஒரு கரடியை நோக்கி நகரவே வேண்டாம்.

இரண்டு வயதுக்குக் குறைந்த கரடியையோ, அதோடு கூட நிற்கிற கரடியையோ சுடக் கூடாது. குட்டியை மரத்தில் ஏற்றிவிட்டுத் தாய் தனியாக மேயும். அதனால் சுடுமுன் குறைந்தது இருபது நிமிஷம் பார்க்க வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும். கருங்கரடியிலும் மண்ணிறமானவை உண்டு, ஆகவே நிறத்தை நம்பாதே. தோள்பட்டையில் திமில் இல்லை என்பதும் முகவெட்டும் தெளிவாகத் தெரிந்தால்தான் அது கிரிஸ்லி என்கிற மற்றக் கரடி இனம் இல்லை என்று சொல்லலாம். 2017 டிசம்பரில் இருந்து இங்கே லைசென்ஸில் கிரிஸ்லி வேட்டை கிடையாது. மம்மல் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே கரிய உருவம்தான்.

சுட்ட பிறகு நிலைமை இன்னும் கடினம். கரடியின் கொழுப்பும் அடர்ந்த உரோமமும் காயத்தை அடைத்து இரத்தத்தை உறிஞ்சிவிடும், நிலத்தில் துளி விழுவதே குறைவு. சுட்டுவிட்டு அரை மணி நேரம் பொறுத்துத் தேடப் போனால் அதற்குள் இருட்டிவிடும். காயப்பட்ட கரடியை இருட்டில் பற்றைக்குள் தேடுவது ஆபத்து, விடியும்வரை விட்டால் இறைச்சி கெட்டுவிடும். தடித்த தோலும் கொழுப்பும் சூட்டை வெளியே விடாது. அன்றைக்கே தோலை உரித்து, கால்களைப் பிரித்து, காற்றுப் போகிற துணிப்பைகளில் தொங்கவிட வேண்டும். இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது இங்கே குற்றம், பாவமும்கூட.

குறி வைக்கும்போது உரோமத்தின் கீழ்விளிம்பை உடம்பு என்று நினைக்காதே. அது நெஞ்சுக்குக் கீழே தொங்கும், குண்டு தாழ்ந்துவிடும். கரடி பக்கவாட்டாக நின்று, உன் பக்கம் இருக்கிற அதன் முன்கால் முன்னே போகும்வரை காத்திரு. உன் 308 துப்பாக்கி போதும், ஆனால் 150 மீற்றருக்குள் போ.

சமைப்பதில் ஒன்று. அக்காவிடமும் சொல்லிவிடு: கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லாப் புழு இருக்கலாம், இந்தக் குளிர்நாட்டு இனம் உறையவைத்தாலும் சாகாது. உள்ளே 71 பாகை செல்சியஸ் வரும்வரை வேக வேண்டும், வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். சரக்குத்தூள் கூடப்போட்டு இரண்டு மணி நேரம் கறியாக வைத்தால் அந்தக் கவலையே இல்லை.

தலையில் கட்டுகிற லைற் இரண்டு, மாற்றுப் பற்றறியோடு கொண்டு வா. சத்தம் போடாத கம்பளி மேற்சட்டையும் வேண்டும், நைலோன் உடுப்பு கிளையில் உரசினால் எதிர்ச் சரிவுக்கே கேட்கும். திகதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி