குறைத்த தொகையையும் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு ஐ.டி. நிறுவனங்களில் நடக்கும் ஆட்குறைப்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் செய்திகள் வருகின்றன. வேலை இழந்தவர்களில், மணமுறிவுக்குப் பிறகு பிள்ளைகளின் பராமரிப்புக்காக மாதாமாதம் பணம் கட்டிவரும் தந்தையரும் இருக்கிறார்கள். சம்பளம் நின்றதும் அவர்கள் தொகையைக் குறைத்துக்கொள்ளும்படி முன்னாள் மனைவியைக் கேட்பதும், உறவினர் நாலு பேர் கூடி அதை வாய்வார்த்தையாக முடித்துவைப்பதும் அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பேசித் தீர்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால், பேசி முடித்ததை நீதிமன்றத்தில் பதிவு செய்யாமல் விடுவது இரு தரப்புக்குமே வம்பு.

நீதிமன்றம் நிர்ணயித்த தொகை, நீதிமன்றமே மாற்றும்வரை நிற்கும். மாதம் 18,000 ரூபாய் என்று உத்தரவு இருக்கையில், "பத்தாயிரம் போதும்" என்று முன்னாள் மனைவி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாலும், மீதி 8,000 ரூபாய் பாக்கியாக ஏறிக்கொண்டே போகும். பின்னாளில் மனக்கசப்பு வந்து, உத்தரவுப்படி பாக்கியை வசூலித்துத் தரக் கோரி அவர் நிறைவேற்று மனு போட்டால், அந்தக் குறுஞ்செய்தியை மட்டும் காட்டித் தப்பிப்பது கடினம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின், பராமரிப்புத் தொகை பற்றிய 144-ஆவது பிரிவு, செலுத்தாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்க இடம் தருகிறது. அதே பிரிவில் தாய்க்கும் ஒரு கண்ணி இருக்கிறது. பாக்கியை வசூலிக்க, அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அவர் மனு செய்தாக வேண்டும். "வேலை கிடைத்ததும் மொத்தமாகத் தருகிறேன்" என்ற சொல்லை நம்பி இரண்டு ஆண்டுகள் காத்திருப்பவருக்கு, இந்தப் பிரிவின் வழியே பழைய மாதங்களை வசூலிக்க முடியாமல் போய்விடும்.

நானும் இதே நிலையில் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன். என் முன்னாள் கணவருக்கு வேலை போனபோது அவர் போன் செய்து, "பையன் செலவைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" என்று கேட்டார். ரிலீவிங் லெட்டரையும் ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் அனுப்பச் சொன்னேன். "என்னை நம்ப மாட்டியா?" என்று கோபித்துக்கொண்டார். ஆனால், பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. என் சம்பளச் சீட்டையும் நான் அனுப்பிய பிறகு அவர் சமாதானமானார்.

பள்ளிக் கட்டணத்தில் கை வைக்கக் கூடாது, அதை அவரே நேராகப் பள்ளியில் கட்ட வேண்டும் என்பதில் நான் கடைசிவரை இறங்கிவரவில்லை. சாப்பாடு, துணிமணி, வாடகைப் பங்கு ஆகியவற்றுக்கான மாதத் தொகை மட்டும் எட்டு மாதத்துக்குக் குறைந்தது. அதற்குள் வேலை கிடைத்தால் பதினைந்து நாளில் தெரிவிக்க வேண்டும், பழைய தொகை தானாகவே திரும்பிவிடும் என்று எழுதிக்கொண்டோம். இழுபறியானது 1,500 ரூபாய் கராத்தே வகுப்பில்தான். அதை நிறுத்தச் சொன்னார். அந்தச் செலவை நான் எடுத்துக்கொண்டேன். பையனுக்கு இது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

எங்களுடையது பரஸ்பர சம்மத மணமுறிவு. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, பிள்ளைகளின் பராமரிப்பு, படிப்பு பற்றிய உத்தரவுகளை நீதிமன்றம் அவ்வப்போது மாற்றியமைக்கலாம். எனவே இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மனுவை, எச். சித்தையா சாலையில் நியாய தேகுல வளாகத்திலுள்ள குடும்ப நீதிமன்றத்தில் தாக்கல் செய்தோம். குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நாம் நேரில் மனு செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குழந்தையின் படிப்புக்கு இதனால் குறை வருமா என்று நீதிபதி எங்கள் இருவரையும் தனித்தனியே கேட்டார். கேட்கத்தான் வேண்டும். அந்தப் பணம் குழந்தையின் உரிமை. தாயே மனமுவந்து விட்டுக்கொடுத்தாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது. கூடிப் பேசும் மாமாக்களும் சித்தப்பாக்களும் மறந்துவிடுவது இதைத்தான்.

வேலை போனதைச் சாக்காக வைத்துச் சொல்லாமல் கொள்ளாமல் பணத்தை நிறுத்திவிடுபவர்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. உழைக்கத் தெம்புள்ளவர் வருமானம் இல்லை என்று கைவிரித்தால், நீதிமன்றங்கள் அவருடைய சம்பாதிக்கும் திறனையும் பார்க்கின்றன. அதேசமயம், உண்மையாகவே நொடித்துப்போனவர் ஆவணங்களோடு வந்து கேட்கும்போது, பழைய கோபத்தில் போனையே எடுக்காமல் இருப்பதும் பிள்ளைக்கு உதவாது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. இத்தகைய கூட்டு மனுவுக்கான மாதிரிப் படிவம் ஒன்றை, பெங்களூரு மாவட்ட சட்டப் பணிகள் ஆணையம் கன்னடத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்டு, குடும்ப நீதிமன்ற வளாகத்திலேயே கிடைக்கச் செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் இக்கோரிக்கையை ஆணையத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு.