லேப் அக்காவின் சிவப்பு வட்டத்துக்கு நன்றி

அண்ணிக்கு எலும்பு மெலிவுக்காகப் போடவிருந்த ஊசி வேண்டாம் என்று நேற்று மாலைதான் முடிவானது. அவருக்கு இருப்பது ஹைப்போபாஸ்படேசியா என்ற பரம்பரை எலும்பு நோய். நடந்ததையெல்லாம் சொல்ல இப்போது தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி லேப் அக்காவுக்கு. அண்ணியின் ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற என்சைமின் அளவு 17. கூடியிருந்தால் கல்லீரலா எலும்பா என்று ஆளாளுக்குக் கேட்டிருப்பார்கள். குறைந்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அக்கா மட்டும் நின்று பார்த்தார். முதலில் சந்தேகப்பட்டது தன் வேலையைத்தான். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஈடிடிஏ இந்த ரத்தத்தில் கலந்துவிட்டதா? அது துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். அவை இல்லாமல் இந்த என்சைம் வேலை செய்யாது, எண் பொய்யாக இறங்கிவிடும். அப்படிக் கலந்திருந்தால் பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் சரியாகவே இருந்தன. ஆனாலும் மறுநாள் கூப்பிட்டு, சிவப்பு மூடிக் குழாயில் முதலில் எடுத்து, ஊதாவைப் பிறகு எடுத்தார். வந்தது 19. பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், ஒன்றுகூட 30-ஐத் தொடவில்லை. சிவப்பு மையில் வட்டம் போட்டு, "தொடர்ந்து குறைவு, எலும்பு ஊசிக்கு முன் டாக்டர் பார்க்கவும்" என்று எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஹைப்போபாஸ்படேசியாவில் இந்த என்சைம் போதாததால் பைரோபாஸ்பேட் தேங்கிவிடும். எலும்பில் கால்சியமும் பாஸ்பேட்டும் படியவிடாமல் தடுப்பது அதுதான். எலும்பு மெலிவுக்குப் போடும் பிஸ்பாஸ்பனேட் ஊசியின் அமைப்பும் ஏறக்குறைய அந்தப் பைரோபாஸ்பேட்டைப் போன்றது. ஏற்கெனவே தேங்கியிருக்கும் இடத்தில் அதையே இன்னும் கொட்டுவதுபோல. இடுப்புக்குக் கீழே, தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் விரிசல் விழும் அபாயம் கூடும். அண்ணிக்குச் சிறு வயதில் வேரோடு விழுந்த பால்பல், ஆறாத பாத எலும்பு விரிசல், யூரிக் அமிலம் சரியாக இருந்தும் திடீரென வீங்கும் முழங்கால் (பைரோபாஸ்பேட் மூட்டுக்குள்ளும் படிகமாகப் படியும்), எல்லாம் ஒரே நூலில் கோத்தவை. இத்தனை வருடம் தனித்தனி டாக்டர்களிடம் தனித்தனி நோயாகக் காட்டிக்கொண்டிருந்தோம்.

வைட்டமின் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு பி6 அளவைப் பார்க்கச் சொன்ன டாக்டர், மரபணுப் பரிசோதனையைப் பொறுமையாக விளக்கியவர், எலும்பை நிலைநிறுத்தப் பிளேட் வேண்டாம், எலும்புக்குள்ளேயே நீளமாகப் போகும் ராடுதான் தாங்கும் என்று நின்ற ஆர்த்தோ சர்ஜன், பக்கத்து வீட்டார் சொன்னதற்காகக் கால்சியம் மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது, ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும் என்று கண்டித்த நர்ஸ், பிசியோ தம்பி, ராத்திரி கண்விழித்த எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

இனிமேல் பாத எலும்பு விரிசல் ஆறவில்லை என்று யார் வந்து சொன்னாலும், பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் எண் கீழ்வரம்புக்கும் கீழே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வோம். ஒருமுறை குறைந்தால் போதாது, திரும்பத் திரும்பக் குறைந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வோம். துத்தநாகக் குறைவு, தைராய்டு குறைவு போன்றவையும் அதை இறக்கும்.

அக்கா, நீங்கள் வட்டம் போட்ட தாளை நகலெடுத்து ஒன்றை அண்ணியின் கைப்பையிலும் இன்னொன்றை ஆஸ்பத்திரிக் கோப்பின் முதல் பக்கத்திலும் வைத்திருக்கிறோம். உங்கள் எழுத்துக்குக் கீழே "பிஸ்பாஸ்பனேட் கூடாது" என்று மட்டும் சேர்த்திருக்கிறோம்.