சதுரத்தைச் சதுரமாக வெட்டத் தெரியாத உங்கள் இதயப் போர்வை செட் பற்றி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது எத்தனையாவது மெயில் என்று எனக்கே கணக்கு விட்டுப்போய்விட்டது. ஆர்டர் எண், பில், டேப் வைத்து அளந்து எடுத்த போட்டோ எல்லாம் ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. தயவுசெய்து மறுபடியும் "உங்கள் ஆர்டர் எண்ணைத் தெரிவிக்கவும்" என்று மட்டும் பதில் போடாதீர்கள்.

நான் வாங்கியது உங்கள் சிவப்பு–கிரீம் இதய செட், அதாவது சதுரத் துண்டுகளை வரிசை வரிசையாகச் சேர்த்துத் தைத்தால் இதயம் வருகிற போர்வை, சின்ன சைஸ், 2,450 ரூபாய். "வெட்ட வேண்டாம், தைத்தால் போதும்" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறீர்களே, அதுதான். சிவப்புச் சதுரம் 27ம் கச்சிதமாக 5 அங்குலம். கிரீம் 15ம் 4¾. ஒன்றிரண்டு இல்லை, பதினைந்துமே. கால் அங்குலம்தானே மேடம் என்கிறார் உங்கள் ஆள். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் சிவப்பு 4½ நிற்கும், கிரீம் 4¼தான் நிற்கும். இரண்டாவது வரிசை முழுக்கச் சிவப்பு, ஏழு சதுரம், 31½ அங்குலம் வருகிறது. நுனி வருகிற கடைசி வரிசையில் ஒன்றுதான் சிவப்பு, மற்ற ஆறும் கிரீம், அது 30ல் நின்றுவிடுகிறது. மீதி ஒன்றரை அங்குலத்துக்கு நான் எங்கே போவேன்? இழுத்துப் பிடித்துத் தைத்தால் சுருக்கம் விழுகிறது. இழுக்காமல் தைத்தால் மேல் வரிசைத் தையலும் கீழ் வரிசைத் தையலும் சந்திக்கவே மாட்டேன் என்கின்றன, இதயம் பல் உடைந்த சீப்பு மாதிரி இருக்கிறது. தைத்துப் பிரித்து, தைத்துப் பிரித்து, ஊசி ஓட்டை விழுந்து ஓரமெல்லாம் நூல் நூலாக வந்துவிட்டது.

சிவப்பையும் 4¾க்கு வெட்டிக்கொள்ளலாமே என்று ஒரு பெண் சொன்னார். பாவம், உங்கள் ஆபீஸிலேயே மரியாதையாகப் பேசியது அவர் ஒருவர்தான். வெட்டலாம். வெட்டினால் நீங்கள் கொடுத்த பார்டர் பட்டியின் நீளம் ஒத்துவராது, அதையும் வெட்ட வேண்டும். எல்லாவற்றையும் நானே வெட்டுவதென்றால் கடைவீதியில் மீட்டர் கணக்கில் காட்டன் எடுத்திருப்பேனே, உங்களுக்கு எதற்கு 2,450 ரூபாய் அழ வேண்டும்?

சரி, போனில் பேசிய உங்கள் "சீனியர்" விஷயத்துக்கு வருகிறேன். நான் மேலே சொன்ன கணக்கை அப்படியே அவரிடமும் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் கேட்டது: "மேடம், முதல்ல உங்களுக்குத் தைக்கத் தெரியுமா? யூடியூப்ல நிறைய வீடியோ இருக்கு, பார்த்துட்டுக் கூப்பிடுங்க." பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது. ஐயா, கோத்தகிரியில் பாதிப் பெண்களின் கல்யாண ஜாக்கெட் என் மிஷினில் ஓடியதுதான். இதே நீலகிரியில் தோடர் பெண்கள் துணியில் ஒரு கோடுகூட வரையாமல், இழையை எண்ணி எண்ணியே பூ வேலை செய்கிறார்கள், 2013ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. அவர்களுக்கு ஒரு இழை பிசகாது. உங்களுக்கு ஒரு பெட்டிக்குள் போகிற இரண்டு துணியை ஒரே அளவில் வெட்ட முடியவில்லை, கேள்வி மட்டும் என்னைக் கேட்கிறீர்கள்.

மாற்றுத் துணி அனுப்புகிறோம் என்றீர்கள், சந்தோஷம். அப்புறம் பார்த்தால் "உங்கள் பின்கோடுக்கு டெலிவரி இல்லை, மேட்டுப்பாளையம் கூரியர் ஆபீஸில் வாங்கிக்கொள்ளவும்" என்று மெசேஜ். முதல் பார்சல் மட்டும் எப்படி என் வீட்டு வாசலுக்கு வந்தது? இருந்தாலும் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். குஞ்சப்பனை பக்கத்தில் யானை ரோட்டில் நின்றதில் அங்கேயே நேரம் போய்விட்டது, அதற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. கூரியர் ஆபீஸில் பார்சல் கண்ணெதிரே ரேக்கில் இருக்கிறது, என் பேரும் தெரிகிறது, ஓடிபி இல்லாமல் தர மாட்டோம் என்கிறார்கள். ஓடிபி நீங்கள்தான் அனுப்ப வேண்டும். உங்களுக்குப் போன் போட்டால் பாட்டு, பாட்டு, பாட்டு. சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். திரும்பி மலை ஏறும்போது பாதி வழியில் டவர் கிடைத்ததும் டிங் என்று வருகிறது உங்கள் ஓடிபி! மறுநாள் பார்த்தால், "வாடிக்கையாளர் வாங்க மறுத்ததால் திருப்பி அனுப்பப்பட்டது." நான் மறுத்தேனாம்.

சாயத்தைச் சொல்ல விட்டுப்போச்சு. சிவப்பில் இருந்து சாயம் இறங்குகிறது. தைப்பதற்கு முன் ஒரு துண்டை வெறும் தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன், பாத்திரமே ரோஸ் கலராகிவிட்டது. "நல்ல வெயிலில் காயப் போடுங்க" என்று பதில் வந்தது. ஐப்பசி மழையில் இங்கே உள்ளாடையே காயாது, வெயிலுக்கு எங்கே போக? ஈரம் நிற்க நிற்கப் பக்கத்து கிரீம் துணியில் சிவப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கும், துணிக் கம்பெனி நடத்துகிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை நான் பொழுதுபோக்குக்கு வாங்கவில்லை. இங்கே ஒரு ஹோம்ஸ்டேக்காரர் மாதிரிக்கு ஒன்று தைத்துக் காட்டச் சொன்னார், பிடித்தால் எல்லா அறைக்கும் பெரிய சைஸில் தைக்கிற வேலை எனக்குத்தான். டிசம்பர் பனிக்கு முன்னால் வேண்டும் என்றார். அவர் இப்போது கோயம்புத்தூரில் ரெடிமேடாக எடுத்துவிட்டார். இந்த வருஷம் அது போச்சு, இனி ஆயுசுக்கும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. என் பிழைப்பிலேயே மண்ணைப் போட்டுவிட்டீர்கள், லட்சக்கணக்கில் நஷ்டம் என்று சொன்னாலும் தப்பில்லை.

நான் சண்டைக்காரி இல்லை. அளவையும் சாயத்தையும் விட்டால் துணி தரமானதுதான், பஞ்சு ஷீட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. முழுப் பணத்தையும் மேட்டுப்பாளையம் போய் வந்த செலவையும் கொடுத்துவிட்டால் இத்தோடு விட்டுவிடுகிறேன். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுவேன். ஆன்லைன் விற்பனைக்கு 2020ல் வந்த விதிப்படி புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், நீங்கள் இரண்டும் செய்யவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. நுகர்வோர் ஆணையம் ஊட்டியில்தான் இருக்கிறது, எனக்கு ஒரு பஸ் தூரம். நீங்கள்தான் மலை ஏறி வர வேண்டியிருக்கும்.

அந்த சீனியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் பேரம் இல்லை. போனில் பேசுவதானால் அவரைத் தவிர வேறு யாராவது பேசட்டும். துணியைத் திருப்பி எடுக்க ஆள் அனுப்பினால் வீட்டுக்கே அனுப்புங்கள், காலை பத்து மணிக்குள் வரட்டும், அதற்கு மேல் கடையில் இருப்பேன். "தைத்துப் பிரித்த துணியை ஏற்க மாட்டோம்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து, தைக்கத் தெரிந்த உங்கள் வாடிக்கையாளர்