கதவடித் தகட்டைத் தடுத்து வைக்காதீர்கள்: உதிரிப்பாகப் பொதிகளைப் பரிசோதிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் பழைய கார்த் தகடுகள் எப்படித் தேங்கிக் கிடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முறைப்பாடுகள் உங்கள் மேசையிலேயே இருக்கின்றன. அண்மையில் எம்.ஜி. மிட்ஜெட் என்ற சிறிய பழைய பிரித்தானியத் திறந்த கார் ஒன்றுக்கு வந்த கதவடித் தகடுகள் (கதவுகளுக்குக் கீழே ஓடுபவை) மறுபடியும் நிறுத்தப்பட்டதால்தான் இதைப் பகிரங்கமாக எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். திருத்த வேலைக்கு வரும் தகடுகளை முழு வாகனத்தின் பொடியாக (உடற்கூடாக) கணக்கிடாதீர்கள். விடுவிப்பதென்றாலும் மறுப்பதென்றாலும் 14 நாளுக்குள் எழுத்தில் முடிவு தாருங்கள்.

எஞ்சின் வேலை என்றால் உங்களிடம் வந்திருக்கமாட்டோம். 1961 முதல் 1974 வரை வந்த மிட்ஜெட்டில் இருப்பது மொறிஸ் மைனர் 1000இன் அதே ஏ-வரிசை எஞ்சின் குடும்பம். எங்கள் மெக்கானிக்மாருக்கு அது கைப்பழக்கம். தகடுதான் சிக்கல்.

இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் இல்லை, நிரந்தரக் கூரையும் இல்லை. கதவுகளுக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் பெட்டி வடிவத் தகடுகளும், கியர்பெட்டிக்கு மேலான சுரங்கமும், அடித்தட்டும்தான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. மைனரின் திறந்த காரிலும் இதே கதைதான். முன்சில்லு அள்ளியெறியும் செம்பாட்டு மண் மட்காட்டுக்குள், கதவுப் பிணைச்சல் தூணின் அடியில் போய் அடைந்துவிடும். மழை பெய்தால் அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதோடு எங்கள் உப்புக்காற்றும் சேர, தகடு உள்ளிருந்து உக்குகிறது. வெளியே பெயின்ற் மினுங்கும். ஸ்குறூட்றைவரால் குத்தினால் உள்ளே போகும்.

பொதி வந்தபின் வெட்டலாமே என்று உங்கள் தரப்பில் கேட்கப்படுகிறது. நியாயமான கேள்வி, ஆனால் வேலை அப்படி நடப்பதில்லை. வெளித்தகட்டைத் திறந்து பார்த்தால்தான் உள்தகடு தப்பியதா, தூணின் அடி போய்விட்டதா, ஜக் வைக்கும் குறுக்குச்சட்டம் மிஞ்சியிருக்கிறதா என்பது தெரியும். அதன் பிறகுதான் எதை வரவழைப்பது என்று எழுதலாம்.

வெட்டமுன் காரை மட்டம் பார்த்து, முன் குறுக்குச்சட்டத்திலும் பின் வில்லுகள் பூட்டும் இடத்திலும் முட்டுக்கொடுக்க வேண்டும். கதவு பூட்டியிருக்கும்போதே சுற்றிவர இடைவெளியை அளந்து எழுதிவைத்து, பிறகு கதவைக் கழற்றி, பிணைச்சல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் இடையே 25 மில்லிமீற்றர் சதுரக் குழாயைக் கட்டுகிறோம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே வெட்டலாம். இரு பக்கமும் ஒன்றாக வெட்டினால் நடுவில் முட்டில்லாத பலகைபோல் பொடி தொய்ந்துவிடும். அப்படியே ஒட்டிவிட்டால் கதவு பிறகு ஒருநாளும் ஒழுங்காகப் பூட்டாது.

அந்த நிலையில்தான் கார் உங்கள் முடிவுக்காகக் காத்து நிற்கிறது. ஒரு பக்கம் திறந்தபடி, நகர்த்த முடியாமல், கராஜின் ஒரு இடத்தை முழுதாக அடைத்துக்கொண்டு. மழைக்காலத்தில் கிறைண்டர் பட்ட பச்சை இரும்பில் ஒரு இரவிலேயே செம்மஞ்சள் படலம் படர்ந்துவிடும். துத்தநாகம் கலந்த பிறைமர் பூசலாம், ஆனால் அது பொருத்துக்குள் இருக்கவேண்டிய பூச்சு, மாதக்கணக்கில் வெளிக்காற்றைத் தாங்காது. எபொக்சி பூசினால் தாங்கும், ஆனால் ஒட்டமுன் விளிம்பு முழுவதும் சுரண்டி எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் அது எரிந்து, ஒட்டு நுரைத்துப் போகும். சுரண்டும் ஒவ்வொரு முறையும் நல்ல இரும்புதான் தேய்கிறது. ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பிருந்த விளிம்பு 0.6க்கு இறங்கினால், மிக் வெல்டிங்கில் தொட்ட இடமெல்லாம் துளை விழும். பிறகு அந்த விளிம்பையும் வெட்டி, அதற்கும் ஒரு துண்டு தேடவேண்டும். உக்காத இரும்பை உக்கவைப்பது இந்தத் தாமதம். அதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

இங்கேயே அடிக்கலாம்தானே என்பது அடுத்த கேள்வி. தட்டையான துண்டென்றால் எங்கள் தகரவேலைக்காரர் 1.2 மில்லிமீற்றர் தகட்டில் மடித்துத் தருவார்கள், பல கார்கள் அப்படித்தான் பிழைத்தன. ஆனால் வளைந்த விளிம்பும் அழுத்தி எடுத்த மேடுகளும் உள்ள உள்தகடு கையால் அடித்து வருவதில்லை. 2 மில்லிமீற்றர் பிசகினாலே கதவு உரசும். வேறு வழியில்லாமல் சிலர் பைபரையும் புட்டியையும் வைத்து மூடிவிடுகிறார்கள். உள்ளே நீர் நின்று மிச்சமும் உக்க, பாரம் தாங்கும் பகுதி புட்டியாக இருக்கும் கார் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே வீதியில் ஓடுகிறது. வீதிப் பாதுகாப்பைப் பற்றி எங்களுக்கு அறிவுறுத்துபவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1990களில் பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில் ஒஸ்ரின் ஏ40களும் மைனர்களும் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின, ஸ்ராட் பண்ண மட்டும் கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல். நோயாளிகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் அந்தக் கார்கள்தான் ஏற்றின. அப்போது பாதை இல்லை, பொருள் வரவில்லை, பொறுத்தோம். இன்று பாதையும் இருக்கிறது, பொருளும் நாட்டுக்குள் வந்துவிட்டது. இருந்தும் ஒருவர் தனியாகத் தூக்கக்கூடிய இரண்டு தகடுகள் ஏன் நகரவில்லை என்பதற்கு ஒருவரும் பதில் சொல்வதில்லை.

கோபம் எழுத்தில் தெரிந்தால் மன்னியுங்கள். வரி கட்டமாட்டோம் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. பதிவுப் புத்தகத்தின் பிரதி, சேசிஸ் இலக்கத்தின் படம், வெட்டிய இடத்தின் படம் மூன்றையும் பொதியோடு தருகிறோம். வேண்டுமானால் உக்கிய பழைய தகட்டையே கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் காட்டுகிறோம். திருத்த வேலைக்கென்று அவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள், 14 நாளுக்குள் எழுத்தில் முடிவு தாருங்கள். இப்போது நிற்கும் பொதிகளையாவது ஐப்பசி மழை தொடங்கமுன் தீர்த்துவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துப் பழைய கார் உரிமையாளர்களும் தகரவேலைக்காரர்களும்